துக்கம் விசாரிக்கப் போனோம்

கலியாண வீட்டுக்குப் போவதற்கு நம்மில் யாருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை. மொய்க் கவரில் ஐந்நூற்றொரு ரூபாயை வைத்து, மேலே பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு புறப்பட்டால் போதும். மற்றவற்றையெல்லாம் சந்தனக் கிண்ணமும் பந்தியும் பார்த்துக்கொள்ளும். நாம் வாய் திறந்து ஒன்றும் பேசாவிட்டாலும் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படியே பேசினாலும் தவுல்காரர் அதை யார் காதிலும் விழ விடமாட்டார். துக்க வீட்டு விஷயம் அப்படியல்ல. அங்கே போய் என்ன சொல்வது, கண்ணை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, எவ்வளவு நேரம் கழித்து எழுந்திருப்பது என்பதெல்லாம் பெரிய பிரச்னைகள். அதிலும், கணவனை இழந்த ஒரு ஸ்திரீயின் எதிரே போய் உட்காருவதென்றால், இருபது வருஷமாக வகுப்பறையில் வாய் ஓயாமல் பேசிப் பிழைத்து வரும் நமக்கே நாக்கு எழுவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நாம் செய்த ஒரு தவறு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவதுதான் மரியாதை.

நம்முடைய பள்ளிக்கூடத்தில் கணிதம் போதித்து வந்த நண்பர் ஒருவர் சென்ற புரட்டாசி மாதத்தில் காலமானார். வயது 51 தான். இரவு பத்து மணி வரையில் காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், மார்பை அடைக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தாராம். ஆம்புலன்ஸ் வண்டி தெருவுக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறு வருஷ காலம் அவரும் நாமும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எந்தக் கிழமையில் அவருடைய டிபன் டப்பாவில் எலுமிச்சஞ்சாதம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். நம் மூக்குக்கண்ணாடி காணாமற் போனால் அது எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் போனோம். தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் இருதய வியாதியைப் பற்றியும் கொழுப்புச் சத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் கம்பத்தில் அதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் நண்பர் படுத்திருந்தார். மாலையை வைத்துவிட்டு, அவருடைய தமையனாரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, "என்ன உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்றோம். அவர் தலையை அசைத்தார். அந்த வாக்கியத்தை அன்று அவரிடம் சொன்ன நாற்பதாவது மனிதர் நாமாக இருக்கலாம்.

உள்ளே, ஸ்திரீகளின் கூட்டத்துக்கு நடுவில், நண்பரின் மனைவி இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. நிலைப்படி வரையில் போனோம்; போய்த் திரும்பிவிட்டோம். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் என்று வெகு காலமாக ஒரு ஏற்பாடு இருக்கிறதல்லவா? அதன் மறைவில் புகுந்துகொண்டோம். மயானம் வரையில் சென்று திரும்பி, ஸ்நானம் செய்து, வீட்டுக்குள் நுழைந்து காப்பி சாப்பிட்டோம்.

அப்புறம் நான்கு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இத்தனைக்கும் அது நம் வீட்டிலிருந்து முக்கால் மைல் தூரம்தான். துக்கம் விசாரிக்கச் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது என்பார்கள். சனி கூடவே கூடாது. திங்கள், புதன், வியாழன் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமையில் அவர்களே எங்கேயாவது போயிருப்பார்கள். பதினாறாம் நாள் கழிந்த பிறகு போவது ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தோம். பிறகு தீபாவளி வந்தது. பண்டிகை வீட்டிலிருந்து துக்க வீட்டுக்குப் போகக் கூடாதாம். பிறகு அரையாண்டுப் பரீட்சை. பிறகு மார்கழி. பிறகு நம் தங்கையின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சுபகாரியம் முடிகிற வரையில் அந்த வாசலை மிதிக்கலாகாது. நம்மைப் போன்ற கோழைகளுக்குப் பஞ்சாங்கம் எவ்வளவு அனுகூலமாக இருக்கிறது!

துக்க வீட்டுக்கென்று நம் முன்னோர்கள் ஏற்படுத்தி வைத்த வழக்கங்களை யோசித்துப் பார்த்தால், அவர்கள் நம்மைக் காட்டிலும் விவரம் அறிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். துக்கம் கேட்க வருகிறவரை யாரும் 'வாருங்கள்' என்று அழைப்பதில்லை. எழுந்து போகிறவரும் 'போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், போனார், அவ்வளவுதான். வார்த்தை தேடித் தவிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் உண்டா? அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சம்பந்தி வீட்டாரோ பக்கத்து வீட்டாரோ சோறு கொண்டுவந்து, வேண்டாம் என்றவர்களையும் வற்புறுத்திச் சாப்பிடச் செய்வார்கள். ஆறுதல் என்பது அங்கே சாப்பாட்டுக் கூடையில் வந்தது.

ஸ்திரீகளுக்கோ ஒப்பாரி இருந்தது. நாகரிகம் படைத்த நாம் அதை வெறும் கூச்சல் என்று நினைத்து முகம் சுளிக்கிறோம். தொகுத்து அச்சிட்டிருக்கும் ஒப்பாரிப் பாடல்களை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்ப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். இறந்தவருடைய பெருமை மட்டுமா அவற்றில் இருக்கிறது? பிறந்த வீட்டில் பட்டாடையும் பாலும் சோறுமாக இருந்த கதை இருக்கிறது. சீர் கொண்டு வராத அண்ணன் இருக்கிறான். முகம் கொடுத்துப் பேசாத அண்ணி இருக்கிறாள். இனிமேல் இந்த வீட்டில் என்னை யார் மதிப்பார்கள் என்ற கேள்வி இருக்கிறது. காடு கழனியை யார் கொண்டு போவார்கள் என்ற பயம் இருக்கிறது. மற்ற நாளில் மாமனாருக்கு எதிரே நிமிர்ந்து பார்க்காதவள், அன்று ஊர் கூடியிருக்கிற முற்றத்தில், கொழுந்தன்மார் காது கேட்க, இராகம் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். 'நிறுத்து' என்று அதட்ட எந்த ஆண்பிள்ளைக்கும் தைரியம் வராது. சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்கள் வாய்ச் சொல்லால் அவளைத் தேற்றுவதில்லை; அவள் சொன்னதைக் கேட்டதற்குச் சாட்சிகளாக இருந்தார்கள். இப்போது பட்டணங்களில் அந்த இடத்தை ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டுவிட்டது. கூடத்து மூலையில் ஒரு பெட்டி சிவபுராணம் பாடிக்கொண்டிருக்கிறது. துக்கப்படுகிறவள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழ் போதிக்கிறவர்களானபடியால் இந்தச் சந்தர்ப்பத்தில் புறநானூறு நம் ஞாபகத்துக்கு வராமற் போகாது. கணவனை இழந்தவள் நோன்பிருந்து வாடும் நிலைக்குத் தாபத நிலை என்று பெயரிட்டு, அதைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. பூதப் பாண்டியன் இறந்தபோது அவனுடைய தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் புறப்பட்டாள். சான்றோர்கள் குறுக்கே வந்து தடுத்தார்கள். அவர்களை நோக்கி அவள் சொன்ன பாட்டுத்தான் புறநானூற்றில் 246-ஆவது. கற்புக்கு உதாரணம் என்று பலமுறை அதை வகுப்பில் போதித்திருக்கிறோம். இந்த வருஷந்தான் அதற்குள் ஒரு கோபம் இருப்பது நமக்குப் புலப்பட்டது. சாகாதே என்று சொல்ல வந்த பெரியவர்களிடம் அவள் கணக்குக் கேட்கிறாள்: உயிரோடு இருந்தால் நீங்கள் எனக்கு வைத்திருக்கும் வாழ்வுதான் என்ன? நெய் படாத சோறும், வேளைக் கீரையும், பாயில்லாத கல் படுக்கையுந்தானே? தீயைக் காட்டிலும் அது மேலானது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தீயில் விழுந்ததை நாம் கொண்டாடவில்லை. துக்கம் விசாரிக்க வந்த சான்றோர்களில் ஒருவராவது அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாகப் பாட்டில் இல்லை என்பதைத்தான் கவனிக்கிறோம்.

பதில் சொன்னவர்கள் வெகு காலம் கழித்து வந்தார்கள். 1856-ல் விதவா விவாகம் செல்லும் என்று சட்டம் பிறந்துவிட்டது; ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒருவர் வீட்டு வாசலுக்கு வர எத்தனை காலம் பிடிக்கிறது! 1882-ல் சுதேசமித்திரனை ஆரம்பித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த தம் பெண்ணுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். சாதியார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஊருக்கு உபதேசம் எழுதுகிற பத்திரிகாசிரியர் தம் வீட்டிலேயே அதை நடத்திக் காட்டியது அபூர்வம். சகோதரி சுப்புலட்சுமியின் கதை வேறு விதம். பதினொரு வயதில் கலியாணமாகிச் சில காலத்துக்குள்ளேயே அவர் விதவையானார். அவருடைய தகப்பனார் குழந்தையை மூலையில் உட்கார வைக்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் 1911-ல் சென்னை மாகாணத்து ஹிந்து ஸ்திரீகளில் முதல் பட்டதாரியாகி, 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தை ஸ்தாபித்து, தம்மைப் போன்ற சிறுமிகளுக்குப் படிப்பும் இருப்பிடமும் தந்தார். மெரினாக் கடற்கரைக்கு எதிரே, இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் அந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் ஒரு காலத்தில் அந்தச் சிறுமிகளின் பாட சப்தம் கேட்டது.

இவை பெரிய மனிதர்களின் காரியம். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் துக்க வீட்டில் செய்வது என்ன? இதில் இன்னொரு பழைய குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் கலாசாலையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது நம் சித்தப்பா இறந்துபோனார். சித்திக்குக் குழந்தை இல்லை. காரியத்தன்று சித்தியைத் தேற்றியவர்களில் உறவினர் ஒருவர் மற்ற எல்லாரையும் விட உரக்க அழுதார், "உனக்கு நாங்கள் இல்லையா?" என்று பத்துத் தடவையாவது சொன்னார். மூன்றாவது வாரத்தில் அவரே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பட்டா மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும்" என்று சித்தியை சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். சித்தி அதுவரை வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அது விடுதலைப் பத்திரம். நஞ்சை முழுவதும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு 22 வருஷம் சித்தி தன் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருந்து காலம் தள்ளினாள். அன்று அந்தக் காரில் முன் ஸீட்டில் உட்கார்ந்து போன நாம், அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டோம். படித்த பிள்ளை என்று நம்மை அழைத்துப் போனார்களே தவிர, நாம் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

சட்டம் அப்போதே சித்தியின் பக்கத்தில் இருந்தது. 1937-ஆம் வருஷச் சட்டம் ஹிந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அது அவளுடைய ஆயுள் வரையில்தான். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்தவனுடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லாருக்கும் சம பங்கு. மனைவிக்கு வருவது அவளுடைய முழு உடைமை, விற்கலாம், கொடுக்கலாம். இவ்வளவு இருந்தும், விடுதலைப் பத்திரத்தில் அவளே கையெழுத்திட்டுப் பதிவும் ஆகிவிட்டால், பிறகு அதை மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு வேண்டிய ஸ்திரீ யாருக்காவது இந்தக் கஷ்டம் நேர்ந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நாளைக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே அம்மா, எதுவானாலும் முதலில் என்னிடம் காட்டு" என்று சொல்லுங்கள். 'விதி' என்றும் 'கொடுத்து வைத்தது அவ்வளவுதான்' என்றும் சொல்வதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். போட வேண்டிய காகிதங்களும் உண்டு. இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். பாங்கியில் நியமனதாரராகப் பெயர் இருப்பதனாலேயே பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. இந்த வரிசைகளில் போய் நிற்க ஒரு ஆள் கிடைத்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருக்கும்!

கதைக்குத் திரும்புவோம். போகத்தான் தைரியமில்லை, ஒரு கடிதமாவது எழுதலாமே என்று ஒரு நாள் உட்கார்ந்தோம். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு விண்ணப்பமும் வாழ்த்துக் கடிதமும் எழுதச் சொல்லிக்கொடுக்கிற நாம், துக்கக் கடிதம் எப்படி எழுதுவது என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை, நமக்கே தெரியவில்லை. முன்பு தந்தி இருந்தது. எண்ணிப் போட்ட வார்த்தைகளில் காரியம் முடிந்துவிடும். 2013 ஜூலையில் அதுவும் போய்விட்டது. விக்டோரியா மகாராணி ஆபிரகாம் லிங்கனின் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்த இரண்டு வாரத்துக்குள் அது எழுதப்பட்டது. மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1861-லேயே போய்விட்டார். ஒரு தேசத்தின் ராணி மற்றொரு தேசத்துத் தலைவரின் மனைவிக்கு எழுதுகிற தோரணையை விட்டுவிட்டு, என் கணவரைப் பறிகொடுத்து மனமுடைந்திருக்கிற என்னைப்போல் உங்கள் துயரத்தை அறியக்கூடியவர் யார் என்ற பாவனையில் எழுதினாள். ராஜ்ய விவகாரங்களில் அவளிடம் நமக்கு எத்தனையோ சண்டை உண்டு. இந்த ஒன்றில் இல்லை. ஆனால் அவளுக்கு இருந்த உரிமை நமக்கு இல்லையே! நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டோம்.

கடைசியில் நம்மை அந்த வீட்டுக்கு அனுப்பியது ஒரு காகிதந்தான். குடும்ப ஓய்வூதிய மனுவில் ஓரிடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. குமாஸ்தா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்கள்தானே ஸார் சிநேகிதர்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குச் சற்று நேரம் பிடித்தது. தை மாதம் மூன்றாவது வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, நம் வீட்டு அம்மாளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். தெருவில் மற்ற வீட்டு வாசல்களிலெல்லாம் பொங்கலன்று இட்ட செங்காவிக் கோலத்தின் தடம் இன்னும் அழியாமல் இருந்தது. அவர்கள் வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. அந்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை.

அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தார். நாம் வழி முழுவதும் உருப்போட்டுக்கொண்டு வந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. "முன்னமே வந்திருக்க வேண்டும். வரத் தைரியம் இல்லாமல் இருந்துவிட்டேன்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விசிறியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். கையெழுத்து வேண்டிய இடத்தைக் காட்டினோம். முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்து நமக்கு உண்டான சந்தோஷம் இன்னதென்று அவருக்குத் தெரிந்திராது.

"அன்று இராத்திரி முழுவதும் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஸார்" என்றார் சற்றுப் பொறுத்து. "உங்கள் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழு. எல்லாம் கும்பிடுகிற கைகள். எனக்கு என்னவோ அவை அவருக்கே அனுப்பியது போல இருந்தது. அணைக்க மனசு வரவில்லை."

அந்தக் கைகளில் ஒரு ஜோடி நம்முடையது. அந்தக் குழுவில் அவர் இல்லை என்பதை நாம் யோசிக்கவே இல்லை. எல்லாரும் அனுதாபத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆயிற்று, எப்படி ஆயிற்று என்றே கேட்டார்கள், அக்கா" என்று நம் வீட்டு அம்மாளைப் பார்த்துச் சொன்னார். "பத்து நாளைக்குள் அந்த ஒரு மணி நேரத்தை நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது அவரை நினைத்தாலே அந்த நாற்காலியில் சாய்ந்ததுதான் கண் முன்னால் நிற்கிறது. மற்றதெல்லாம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

பிறகு நம் பக்கம் திரும்பி, "ஸார், அவர் வகுப்பில் எப்படி இருப்பார்? இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லையே!" என்று கேட்டார். நாம் எதிர்பார்த்திராத கேள்வி அது.

நமக்கு நாக்கு வந்தது. சொல்ல ஆரம்பித்தோம். காம்பஸ் இல்லாமல், தோளிலிருந்து கையை ஒரே வீச்சாகச் சுழற்றிக் கரும்பலகையில் அவர் வட்டம் போடுவதைச் சொன்னோம். பையன்கள் கை தட்டுவார்கள், அவர் திரும்பிப் பார்த்து, "இது வட்டம் இல்லையடா, வட்டம் மாதிரி!" என்பார். கணக்கைத் தப்பாகப் போட்டவனை அடிக்க மாட்டார். "எந்த முச்சந்தியில் வழி தவறினாய், வா பார்ப்போம்" என்று அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து நடந்து வருவார். அடுத்த அறையில் நாம் கம்ப ராமாயணத்தில் தசரதன் உயிர் விடுகிற கட்டத்தை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வகுப்பில் சிரிப்பு வெடிக்கும். ஒரு தடவை அதற்காகத் தலைமையாசிரியரிடம் புகாரே சொன்னோம். மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் நம்மிடம் வந்து, "உங்கள் தசரதன் செத்துப்போன பிறகு சொல்லியனுப்புங்கள், ஐயா, அப்புறம் நாங்கள் சிரித்துக்கொள்கிறோம்" என்றார். சாவைப் பற்றிய அந்தப் பேச்சை எடுத்தது தவறோ என்று நாம் திகைப்பதற்குள், உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவருடைய பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டைப் பை நிறையச் சாக்பீஸ் தூள் கொண்டு வருவார்" என்றார். "உதறி உதறித் துவைப்பேன். அவர் வகுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

மகன் அலமாரியிலிருந்து அவருடைய பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்து வந்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன். தகப்பனாரைப் போலவே தோள். இவ்வளவு நேரம் அவன் எங்கே இருந்தான் என்றே தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பிள்ளைகளிடம், 'இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். நாம் நல்ல வேளையாக அதைச் சொல்லவில்லை. கணக்கில் எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டோம். "தொகை நுண்கணிதம்" என்றான். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் கணித ஆசிரியரிடம் சனிக்கிழமை காலைகளில் அவனை அழைத்துப் போவதாக ஏற்பாடாயிற்று. இதை நான்கு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

புறப்பட எழுந்தபோது அந்த அம்மாள், "ஒரு நிமிஷம், ஸார்" என்று உள்ளே போய், ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் காலாண்டுத் தாள்கள், 41. அவற்றில் 23 திருத்தி முடிந்திருந்தன. இருபத்து நான்காவது தாளுக்குள் சிவப்புப் பேனா மூடி போட்டபடி இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு முந்தைய தேர்வுகளைப் பார்த்து மதிப்பெண் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். தாள்களைக் கேட்டு வர யாருக்கும் மனமில்லை.

"பாதியில் நிற்கிறது" என்றார். "யாராவது திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் தேவலை. அவர் தாமதம் செய்ய மாட்டார்."

கட்டை வாங்கிக்கொண்டோம். பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

தெருமுனையில் திரும்பும்போதுதான் நம் வீட்டு அம்மாள், "உள்ளேயிருந்து கிளம்பும்போது என்ன சொன்னீர்கள் தெரியுமா? 'போய் வருகிறோம்' என்றீர்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லலாமா?" என்றாள். சொல்லியிருக்கிறோம், பழக்க தோஷம். அன்று வெள்ளிக்கிழமை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அதற்கு அவர் என்ன சொன்னார், கவனித்தாயா?" என்று கேட்டோம்.

"கவனிக்காமல் என்ன? 'வாருங்கள், ஸார்; அடுத்த தடவை அக்காவைப் பகலிலேயே அழைத்து வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்' என்றார்."